லண்டனில் இருந்த பந்தலூர்

நீலகிரிக்கு வரும் பிரயாணிகளில் பெரும்பாலோர் உதகமண்டலத்து ஏரியையும் தொட்டபெட்டாச் சிகரத்தையும் குன்னூர் சிம்ஸ் பூங்காவையும் பார்த்து, வறுக்கியும் யூகலிப்டஸ் தைலமும் வாங்கிக்கொண்டு, வந்த வழியே மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிவிடுகிறார்கள். மலையின் மேற்குச் சரிவில், பைக்காராவையும் நடுவட்டத்தையும் கடந்து கூடலூருக்கு இறங்கி, அங்கிருந்து கேரள எல்லையை நோக்கிச் செல்லும் சாலையில் தேவாலா, பந்தலூர் என்று இரண்டு ஊர்கள் இருக்கின்றன என்பதும், அவற்றின் பெயர்கள் ஒரு காலத்தில் லண்டன் நகரத்துப் பங்குத் தரகர்களின் நாவில் அல்லும் பகலும் புரண்டன என்பதும் அவர்களில் மிகச் சிலருக்கே தெரிந்த விஷயம்.

எனக்கும் அது புத்தகத்தின் மூலமாகவே தெரியவந்தது. குன்னூரில் உத்தியோகம் பார்த்துவந்த நாட்களில், பிரான்சிஸ் என்னும் ஐ.சி.எஸ். அதிகாரி தொகுத்து 1908-இல் வெளிவந்த நீலகிரி ஜில்லா கெஜட்டியர், தென்மேற்குப் பருவமழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு வாரத்தில் நண்பர் ஒருவரின் தயவால் என் கைக்கு வந்தது. தோடரையும் படகரையும், காபியையும் சிங்கோனாவையும் பற்றிய அத்தியாயங்களைத் தாண்டித் தங்கத்தைப் பற்றிய பகுதிக்கு வந்தபோது, நான் அதுவரை பசுமையும் பனியுமாகவே நினைத்திருந்த மலைக்கு முற்றிலும் வேறான ஒரு பூர்வ கதை உண்டு என்று தெரிந்து பிரமித்துப் போனேன்.

அதே சமயத்தில் ஆஸ்திரேலியாவின் தங்க நகரங்களைப் பற்றியும் ஏதோ ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். 1893-இல் பாடி ஹன்னன் என்பவரும் கூட்டாளிகளும் தங்கம் கண்ட கால்கூர்லி என்னும் இடம், மேற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பரப்பில், குடிக்க ஒரு வாய்த் தண்ணீருக்கும் வழியில்லாத செம்மண் பூமியில் இருக்கிறது. அங்கே குடியேறியவர்கள் ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து குழாய் வைத்து 1903-இல் தண்ணீரைக் கொண்டுவந்து, அகன்ற வீதிகளையும் மாடி கட்டிய ஹோட்டல்களையும் நகர மண்டபத்தையும் எழுப்பி, இன்றளவும் தங்கம் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீரே இல்லாத இடத்தில் அப்படி ஒரு பட்டணம் நிலைக்குமானால், தமிழ்நாட்டில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களுள் ஒன்றான தேவாலாவில், சிதைந்த நிலையிலாவது எத்தனை பெரிய நகரத்தின் சின்னங்கள் இருக்க வேண்டும் என்று கற்பனை செய்துகொண்டு, மழை ஓய்ந்த ஒரு தை மாதத்தில் நண்பரையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

உதகையிலிருந்து கூடலூருக்குப் போகும் சாலை, ஒரே பகலில் இரண்டு தேசங்களைக் காட்டுவது போன்றது. பைக்காரா வரையில் புல்வெளியும் சோலையும் யூகலிப்டஸ் தோப்பும் குளிர்ந்த காற்றும் கூட வருகின்றன. நடுவட்டத்தில் பழைய சிங்கோனாத் தோட்டங்களின் மிச்சத்தைத் தாண்டி பஸ் வளைந்து வளைந்து இறங்கத் தொடங்கியதும், போர்த்தியிருந்த கம்பளியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ள வேண்டியதாகிறது. கூடலூர்க் கடைவீதியில் இறங்கினால் தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசப்படுகின்றன. அங்கிருந்து வேறு பஸ் ஏறி, நிலம்பூருக்கு மலைப்பாதை பிரியும் நாடுகாணியைக் கடந்தால், மூங்கிலும் தேயிலையும் மாறி மாறி வர, தேவாலாவும் அதற்கப்பால் பந்தலூரும் வருகின்றன. இந்தப் பகுதிக்குத் தென்கிழக்கு வயநாடு என்று பெயர். 1877 வரையில் மலபார் ஜில்லாவைச் சேர்ந்திருந்து, பிறகுதான் நீலகிரியோடு இணைக்கப்பட்டது. மண்ணும் மழையும் இன்றும் மலபாரையே ஞாபகப்படுத்துகின்றன.

பந்தலூரில் இறங்கி நான்கு திசையும் பார்த்தோம். டீக்கடைகள், மளிகைக் கடைகள், தேயிலை மூட்டை ஏற்றிய லாரி, ஒரு கோயில், ஒரு மசூதி, ஒரு மாதா கோயில் ஆகிய இவைதாம் கண்ணில் பட்டன. தங்கக் காய்ச்சல் உச்சத்தில் இருந்தபோது இங்கே தபாலாபீசும் ஹோட்டலும் சாராயக் கடைகளும் வெள்ளைக்காரர்களின் பங்களாக்களும் இருந்தன என்றும், குதிரைப் பந்தய மைதானம்கூட இருந்தது என்றும் சொல்வார்கள். அந்த மைதானம் எங்கே என்று விசாரித்தபோது, கடைக்காரர்கள் ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள். இடிந்த சுவர் என்று நம்பிக் காட்டுக் கொடிகளை விலக்கிப் பார்த்த இடத்தில், பிற்காலத்துத் தோட்டம் ஒன்றின் பழைய லயமே, தொழிலாளர் குடியிருப்பு வரிசையே, இருந்தது. ஒரு நகரம் அழிந்திருந்தால் அதன் அழிவாவது எஞ்ச வேண்டுமே, இங்கே அழிவைக்கூடக் காணோமே என்று நண்பர் அலுத்துக்கொண்டார்.

அவருடைய அலுப்புக்கு விடை சரித்திரத்தில் இருக்கிறது. வயநாட்டுப் பாறைகளிலும் ஓடைகளிலும் தங்கம் உண்டு என்பது வெள்ளைக்காரன் கண்டுபிடித்த செய்தியன்று. பழங்குடியினரில் குறும்பர்கள் குவார்ட்ஸ் என்னும் வெண்கல்லின் படுகைகளைத் தேடிக் குழி வெட்டியும், பணியர்கள் நில உடைமையாளர்களுக்கு அடிமைப்பட்டு ஓடை மணலை மரத் தட்டில் அலசியும் தலைமுறை தலைமுறையாகத் தங்கம் எடுத்து வந்தார்கள். அதில் மேலான பங்கு நிலத்தின் உடைமைக்காரர்களான நிலம்பூர்க் கோவிலகம் போன்ற ஜன்மிகளுக்குப் போயிற்று. கம்பெனி ஆட்சியின் காலத்திலேயே, 1831-இல் மலபார்க் கலெக்டராயிருந்த ஷெஃபீல்டு இதைப் பற்றிச் சென்னைக்கு விவரமாக எழுதினார். ராணுவ அதிகாரி ஒருவர் வந்து ஆராய்ந்தார். ஐரோப்பியர் முதல் போட்டு நடத்துவதற்கு இத்தொழில் கட்டுப்படியாகாது என்ற முடிவுக்கு வந்து விஷயத்தைக் கைவிட்டார்கள். அந்த நிதானமான முடிவு கோப்புக்குள் போய்ப் படுத்துவிட்டது.

பின்னர் காபி வந்தது. காடு அழிந்து தோட்டமாயிற்று. தண்டைக் குடையும் புழுவும், இலையின் அடியில் செம்மஞ்சள் பொடியாகப் படரும் நோயும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, 1870-களில் வயநாட்டுத் தோட்டக்காரர்களைக் கடனாளிகளாக்கின. விற்க ஆசைப்பட்டும் வாங்க ஆளில்லாமல் அவர்கள் திகைத்து நின்ற அந்தச் சமயத்திலேதான், ஆஸ்திரேலியச் சுரங்கங்களில் பழகிய சிலர் இந்தக் காபிக் காடுகளுக்குள் வெண்கல் படுகைகளைக் கண்டு, தங்கம், தங்கம் என்று சொல்லத் தொடங்கினார்கள். சில சிறு கம்பெனிகள் தோன்றிப் பாறையை வெட்டிப் பார்த்தன. நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த வில்லியம் கிங் வந்து பார்த்து ஓர் அறிக்கை எழுதினார். 1879-இல் அரசாங்கம், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்தில் சுரங்க இலாகாவின் காரியதரிசியாக இருந்து பெரும் பெயர் பெற்ற ராபர்ட் பிரௌ ஸ்மித் என்பவரையே வரவழைத்து, வயநாட்டை ஆராயும்படி கேட்டுக்கொண்டது.

அவருடைய அறிக்கை 1880-இல் வந்தது. நூற்றுக்கணக்கான இடங்களில் வெண்கல் படுகை வெளியே தலைகாட்டுவதையும், பரிசோதனைக்கு எடுத்த மாதிரிகள் சிலவற்றில் வியக்கத்தக்க அளவில் தங்கம் இருந்ததையும் அது சொல்லிற்று. பாறையின் மேற்பரப்பில் எடுத்த ஒரு துண்டில் கண்ட தங்கம், அந்தப் படுகை பூமிக்குள் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரமும் அதே விகிதத்தில் இருக்கும் என்று நம்புவதற்கு எந்தப் பிரமாணமும் இல்லை. ஆனால் லண்டனில் முதல் போடக் காத்திருந்தவர்கள் அப்படியே நம்பினார்கள். நம்பச் செய்வதையே ஜீவனோபாயமாகக் கொண்டவர்களும் அங்கே குறைவில்லை. 1879-இன் இறுதி தொடங்கி இரண்டே வருஷங்களுக்குள் வயநாட்டுத் தங்கத்தின் பெயரால் கம்பெனிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிளம்பின. அவற்றின் மூலதனத்தைக் கூட்டினால் காகிதக் கணக்கில் நாற்பது லட்சம் பவுனுக்கு வந்தது.

அந்தப் பணத்தில் பெரும்பகுதி எங்கே போயிற்று என்பதில்தான் இக்கதையின் உயிர்நிலை இருக்கிறது. நோயுற்ற காபித் தோட்டங்களைப் பல மடங்கு விலைக்கு விற்றவர்களும், அவற்றை இடையில் வாங்கிக் கம்பெனிக்குக் கைமாற்றிய தரகர்களும், விளம்பரப் பத்திரம் எழுதிக் கௌரவமான பெயர்களை டைரக்டர் பட்டியலில் சேர்த்துக் கொடுத்தவர்களும் தத்தம் பங்கை முதலில் எடுத்துக்கொண்டார்கள். எஞ்சியதைக் கொண்டே பாறையை வெட்ட வேண்டியதாயிற்று. சீமையிலிருந்து கப்பலில் வந்த கனமான உலக்கை இயந்திரங்களைக் கடற்கரையிலிருந்து மலைப்பாதைகளின் வழியே ஏற்றிக் கொண்டுவந்து, வெண்கல்லை மாவாக இடித்து, பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின்மேல் தண்ணீரோடு ஓடவிட்டுப் பார்த்தபோது, ஒரு டன் கல்லுக்குத் தேறியது ஏதோ சில கிராம் தங்கமே. அதிலும் ஒரு பகுதி கந்தகமும் இரும்பும் கலந்த தாதுவுக்குள் சிக்கிக்கொண்டு பாதரசத்தில் ஒட்டாமல் தண்ணீரோடு போயிற்று. மழையும் மலைக்காய்ச்சலும் மனிதரை வீழ்த்தின. சில வருஷங்களுக்குள் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. இயந்திரங்கள் காட்டில் துருப்பிடித்தன. நூற்றாண்டு முடியும் தறுவாயில் ஹேடன், ஹாட்ச் என்னும் நிபுணர்கள் மறுபடியும் வந்து ஆராய்ந்தார்கள். அவர்களுடைய அறிக்கையும் நம்பிக்கைக்கு இடம் தரவில்லை.

இவற்றையெல்லாம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நான் நண்பருக்கு விவரித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இலங்கையில் அட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, அங்கேயே வேலை செய்து, பேரப்பிள்ளைகளைக் கண்ட பிறகு தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் தங்கி, அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கொடுத்து இங்கே அனுப்பப்பட்டவர். “ஐயாமாரு கெவர்மெண்டு ஆளுங்களா?” என்பதுதான் அவர் கேட்ட முதற்கேள்வி. இல்லை என்று நாங்கள் இரண்டு மூன்று விதமாக உறுதி சொன்ன பிறகு, “துரைமாரு வெட்டுன குழி இருக்கு, காட்டுறேன் வாங்க” என்று எழுந்தார்.

தேயிலை மலைக்குள் ஒற்றையடிப் பாதையில் ஏறினோம். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் தலைநிமிர்ந்து எங்களைப் பார்த்துவிட்டு, பெரியவரிடம், “என்னா தாத்தா, தங்கத்துக்கு ஆள் கூட்டிட்டுப் போறியளா?” என்று பரிகாசம் செய்தார்கள். மலையின் இடுப்பில், பெரணிச் செடிகள் மூடிய ஒரு வாய் தெரிந்தது. ஆள் குனிந்து நுழையும் உயரம். உள்ளேயிருந்து குளிர்ந்த ஈரக் காற்று முகத்தில் அடித்தது. நல்ல மூச்சு வரும் தூரம் வரையில்தான் போகலாம் என்ற நிபந்தனையோடு பெரியவர் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு முன்னே நடந்தார். சுவரெங்கும் உளியின் தடங்கள், நேற்று வெட்டியவை போல, சாய்வாக ஒரே திசையில் வரிசையாகப் பதிந்திருந்தன. கறுத்த பாறையின் நடுவே கையகல வெண்கல் ரேகை ஒன்று சிறிது தூரம் ஓடி, மெலிந்து, மறைந்து, மறுபடி தோன்றிற்று. அந்த ரேகையை விடாமல் பின்தொடர்ந்து சென்ற சுரங்கமும் அதனோடு கூடவே வளைந்திருந்தது. லட்சக்கணக்கான பவுன் விளையும் என்று அச்சடித்த பத்திரங்களில் சொல்லப்பட்டதெல்லாம், இந்தக் கையகலக் கோட்டை நம்பித்தான்.

வெளியே வந்து இறங்கும் வழியில், ஓடைக்கரையில் மூன்று பேர் குந்தியிருந்தார்கள். எங்களைக் கண்டதும் எழுந்தவர்கள், பெரியவர் கையசைத்ததும் மறுபடி உட்கார்ந்தார்கள். இரும்பு உரலில் இடித்துத் துணியில் சலித்த கல்மாவை, குழிந்த தட்டு ஒன்றில் போட்டுத் தண்ணீரில் சுழற்றிச் சுழற்றி, லேசானதை வழியவிட்டுக் கனமானதை நிறுத்தி, அதில் பாதரசத்தைத் தேய்த்து, துணியில் பிழிந்து எடுத்தார்கள். பிறகு அந்த வெள்ளை உருண்டையைத் தகரத்தின்மேல் வைத்து நெருப்பில் காட்ட, பாதரசம் புகையாகப் போய், கடுகளவு மஞ்சள் எஞ்சியது. அந்தப் புகை நரம்புக்கும் சிறுநீரகத்துக்கும் விஷம் என்று நண்பர் சொன்னார். “தெரியும் சார்” என்று ஒருவர் பதில் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். சட்டத்துக்குப் புறம்பான தொழில் அது. பழைய குழிகள் சரிந்து உள்ளே போனவர்கள் திரும்பாத செய்திகளும் இந்தப் பகுதியிலிருந்து அவ்வப்போது வருவதுண்டு. தோட்டத்தில் வேலை குறையும் மாதங்களில்தான் குழிக்குப் போகிறவர்கள் அதிகம் என்றார் பெரியவர்.

“உண்மையிலேயே இந்த மலையில் தங்கம் இருக்கிறதா, பெரியவரே?” என்று கேட்டேன். அவர் சிறிது யோசித்துவிட்டு, “இருக்குதுங்க ஐயா. ஆளைக் காப்பாத்துற அளவுக்கு இல்லை, ஆளை விடாம இழுக்கிற அளவுக்கு இருக்கு” என்றார். ஆய்வறிக்கைகள் பல பக்கங்களில் சொல்லியதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார் என்று எனக்குத் தோன்றிற்று.

கோலார் தங்கவயலை நான் பார்க்கச் சென்றது அதற்குப் பிற்பாடுதான். அதுவும் அதே 1880-ஐ ஒட்டி, அதே லண்டன் பணத்தில், அதே ஆரவாரத்தோடு தொடங்கிய முயற்சியே. வயநாட்டில் கையைச் சுட்டுக்கொண்ட பங்குதாரர்கள் கோலாரையும் மூடிவிடலாம் என்று நினைத்த தருணத்தில், நிர்வாகத்தை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனியார் எஞ்சியிருந்த சிறு தொகையையும் பூமிக்குள்ளேயே போடத் துணிந்து, பிளம்மர் என்னும் சுரங்கத் தலைவரைக் கொண்டு இன்னும் ஆழத்தில் வெட்டச் செய்தார்கள். பூர்வகாலத்தவர் வெட்டி விட்டிருந்த குழிகளுக்கு அடியிலேயே சாம்பியன் படுகை அகப்பட்டது. டன்னுக்கு ஓர் அவுன்ஸுக்கு மேலேயே தங்கம் கொடுத்த அந்தப் படுகையைத் தொடர்ந்து மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினார்கள். 1902-இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. 2001-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் மூடப்படும் வரையில் அங்கே தங்கம் வெட்டினார்கள். அங்கே அழிவு கண்கூடாகத் தெரிகிறது: சயனைடுக் கழிவு குவிந்து நிற்கும் சாம்பல் நிறக் குன்றுகள், அசையாத சக்கரங்களைத் தாங்கிய இரும்புக் கோபுரங்கள், கிளப்புகள், ஆஸ்பத்திரி, வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்ற தமிழரின் சந்ததியார் இன்னும் வசிக்கும் நெருக்கமான லயங்கள், கல்தூசியால் நுரையீரல் கெட்டவர்களை நினைவில் வைத்திருக்கும் குடும்பங்கள். கோலாரைப் பார்த்த பிறகே, பந்தலூரில் நாங்கள் ஏன் ஒரு கல்லையும் காணவில்லை என்பது எனக்கு முழுதும் விளங்கிற்று.

கோலாரில் பணம் பூமிக்குள் இறங்கிற்று; ஆகவே மேலே ஒரு நகரம் எழுந்தது, அந்த நகரம் இடிந்தும் நிற்கிறது. பந்தலூருக்கென்று திரட்டிய பணத்தில் பெரும்பகுதி பந்தலூருக்கு வரவே இல்லை. பங்களாவும் பந்தய மைதானமும் சில காலம் இருந்திருக்கலாம். ஆனால் நாற்பது லட்சம் பவுன் பெறுமானமுள்ள அந்தப் பந்தலூர், விற்பனைப் பத்திரங்களிலும் பங்குச் சீட்டுகளிலும் தரகர்களின் பேச்சிலுமாக, லண்டனில்தான் இருந்தது. லண்டனிலேயே அழிந்தும் போயிற்று. மலைமேல் அதன் நிழலாக விழுந்தவை வெட்டுக்குழிகளும் சில பெயர்களும் மாத்திரமே. காபித் தோட்டங்களாகப் பிறந்து, தங்கக் கம்பெனிகளாக வேஷமிட்டு, இன்று தேயிலைத் தோட்டங்களாக அடங்கிவிட்ட கிளென்ராக், வென்ட்வொர்த் முதலிய பெயர்களைச் சாலையோரப் பலகைகளில் இப்போதும் படிக்கலாம். தங்கம் யாரையும் ஏமாற்றவில்லை. குறும்பனுக்கும் பணியனுக்கும் அது எவ்வளவு கொடுத்ததோ அவ்வளவையே கம்பெனிக்கும் கொடுத்தது. அந்த அளவை நேரில் வந்து பார்க்கப் பொறுமையில்லாதவர்களே தங்களையும் பிறரையும் ஏமாற்றிக்கொண்டார்கள்.

அந்த ஊருக்கு வேறொரு காகிதமும் விதியாக வாய்த்தது. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால்பகதூர் சாஸ்திரியும் டில்லியில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி, இலங்கையின் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழர்களில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாயிற்று. அவர்களுடைய சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. அப்படி அனுப்பப்பட்டவர்களுக்காக அரசாங்கம் வளர்த்த தேயிலைத் தோட்டங்களில் கணிசமானவை கூடலூர், பந்தலூர் மலைகளிலேயே அமைந்தன. தூரத்து நகரத்தில் சில பெரிய மனிதர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து எழுதும் கணக்கில், மலையிலுள்ள மனிதன் ஓர் எண்ணாக மாத்திரமே தென்படுகிறான் என்பதில் இரண்டு காகிதங்களும் ஒன்றுதான். ஆயினும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பங்குப் பத்திரத்தை நம்பியவர்கள் மலைக்கு வரவே இல்லை; ஒப்பந்தப் பத்திரத்தால் அனுப்பப்பட்டவர்களோ வேறு போக்கிடமின்றி வந்தார்கள், தங்கினார்கள், லயத்துக்கு முன்னால் கோயில் கட்டினார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். சரித்திரப் புத்தகத்தில் பந்தலூருக்குக் கிடைத்திருக்கும் சில பக்கங்கள் அங்கே வராத பணத்தைப் பற்றியவை. அந்த ஊரை ஊராக்கியவர்கள் தினக்கூலிக்குக் கொழுந்து எடுப்பவர்கள். அதன் சரித்திரத்தை இனி யாரேனும் எழுத முற்பட்டால், அவர்களுடைய அன்றாட வருகையைப் பதியும் பெரட்டுப் புத்தகத்திலிருந்து தொடங்குவதே நியாயம்.